அழ விடாத துக்கம்: துன்பியல் நாடகங்களில் பழி எங்கிருந்து பிறக்கிறது?

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தின் நான்காவது அங்கத்தில் ஓர் இடம் வரும். லேயர்டீஸ் என்ற இளைஞன், அப்பாவைப் பறிகொடுத்த ஆத்திரத்தில் அரண்மனைக்குள் புகுந்திருக்கிறான். அந்த நேரம் பார்த்து, தங்கை ஒஃபீலியாவும் ஓடையில் மூழ்கிச் செத்துப்போனாள் என்று செய்தி வருகிறது. அதைக் கேட்டு அவன் சொல்வது: உனக்கு ஏற்கெனவே தண்ணீர் அதிகமாகிவிட்டது, அதனால் நான் கண்ணீர் விடப்போவதில்லை. ஆனால் சொல்லி வாய் மூடுவதற்குள் கண்ணீர் வந்துவிடுகிறது. அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்கிறது. நெருப்பாய்ப் பேச வார்த்தை இருக்கிறது, இந்த அழுகை வந்து அணைத்துவிடுகிறதே என்று சொல்லிவிட்டு வெளியே போகிறான்.

துன்பியல் நாடகங்களைப் புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது இந்த நாலைந்து வரிகளைத்தான். அழுதால் பழிவெறி அணைந்துவிடும் என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது, தெரிந்துதான் அழுகையை அடக்கப் பார்க்கிறான். பக்கத்தில் நிற்கும் ராஜா கிளாடியஸுக்கும் அது தெரியும். அவனுக்கு வேண்டியது வாளெடுக்கிற லேயர்டீஸ், உட்கார்ந்து அழுகிற லேயர்டீஸால் அவனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

பாடப்புத்தகங்களில் பழி, துக்கம், நாயகனை அழிக்கும் குறை என்று மூன்றையும் தனித்தனித் தலைப்பாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள். பரீட்சைக்கு அது வசதி. ஆனால் நாடகத்தைக் கையில் எடுத்துப் படித்தால் மூன்றும் ஒரே முடிச்சாகத்தான் கிடக்கின்றன. ஒருவர் செத்துப்போகிறார், அவருக்காக முறையாக அழவோ, முறையாக அடக்கம் செய்யவோ, செத்த விதத்துக்கு நியாயம் கேட்கவோ வீட்டாரை யாரோ விடுவதில்லை. அந்தத் துக்கம் போக இடமில்லாமல் பழியாக மாறுகிறது. பழியைக் கையில் எடுத்தவன், அந்தத் துக்கம் கண்ணை மறைக்கிற ஓர் இடத்தில் தப்பு செய்கிறான், அந்தத் தப்பில் அவனும் அழிந்து சம்பந்தமில்லாதவர்களும் அழிகிறார்கள். எல்லாத் துன்பியல் நாடகமும் இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. பழிவாங்கும் கதையுள்ள பெரிய நாடகங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன.

நம் ஊரில் சாவு வீட்டில் அழாமல் சிலை மாதிரி உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் பெரியவர்கள் பதறிப்போவார்கள். "அழுதுடும்மா, உள்ளே வெச்சுக்காதே" என்று பிடித்து உலுக்குவார்கள். அந்தப் பதற்றம் எதற்கென்று புரிந்தவர்களுக்கு இந்த நாடகங்களின் உள்ளே நுழைவது அவ்வளவு கஷ்டமில்லை.

சரி, பழைய காலத்திலிருந்து ஆரம்பிப்போம். கி.மு. 458-ல் ஏதென்ஸ் நகரத்தில் டயோனிசஸ் கடவுளுக்கு நடந்த திருவிழாவில் ஈஸ்கிலஸ் ஒரு முத்தொகுதியை அரங்கேற்றினார், முதல் பரிசும் வாங்கினார். ஒரெஸ்டியா என்று அதற்குப் பெயர். கிரேக்கத்திலிருந்து முழுசாக நம் கைக்கு வந்துசேர்ந்த ஒரே முத்தொகுதி அதுதான். கதை ஒரு குடும்பத்துக்குள் நடக்கிறது. டிராய் நகரத்தின் மேல் படையெடுக்கக் கப்பல்கள் தயாராக நிற்கின்றன, காற்று சாதகமாக இல்லை. மகளைப் பலி கொடுத்தால்தான் கப்பல் போகும் என்றதும் தளபதி அகமெம்னான் தன் மகள் இஃபிஜீனியாவைப் பலி கொடுக்கிறான். பலிபீடத்தில் அவள் சாபம் விட்டுவிடக் கூடாதே என்று வாயைக் கட்டிவிடுகிறார்கள். சாகிறவளுக்கே பேச உரிமையில்லாத இடத்தில் பெற்றவளின் அழுகையை யார் கேட்கப்போகிறார்கள்? கப்பல்கள் போய்விட்டன. பத்து வருஷம் கழித்து வெற்றியோடு வீடு திரும்பிய அகமெம்னானைக் குளியல் தொட்டியில் வைத்து ஒரு துணியால் வலைபோலச் சுற்றி, வெட்டிக் கொன்றுவிடுகிறாள் மனைவி கிளைடெம்னெஸ்ட்ரா.

கொன்ற பிறகு ஊர்ப் பெரியவர்கள் அவளிடம் கேட்கிறார்கள்: இவனை யார் அடக்கம் செய்வது, யார் ஒப்பாரி வைப்பது? நான் கொன்றேன், நானே புதைப்பேன், இந்த வீட்டிலிருந்து ஓர் அழுகைச் சத்தம் வராது என்கிறாள். அதோடு நிறுத்தாமல், மறுகரையில் இஃபிஜீனியா காத்திருப்பாள், அப்பாவை எதிர்கொண்டு கட்டிப்பிடித்து முத்தம் கொடுப்பாள் என்றும் சொல்கிறாள். முதல் தடவை அந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்துபோனேன். அவள் செய்தது கொலை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஒரு வரியில் பத்து வருஷமாக ஒரு தாய் மனசுக்குள்ளேயே வைத்திருந்தது மொத்தமும் வெளியே வந்துவிடுகிறது.

அவள் அழ விடாமல் செய்தாளே, அதன் பலன் இரண்டாவது நாடகத்தில் வருகிறது. அப்பாவைப் புதைத்த அன்று மகள் எலெக்ட்ராவை நாயை அடைப்பது போல உள்ளறையில் அடைத்துவைத்திருந்தார்கள், யாருக்கும் தெரியாமல்தான் அழுதிருக்கிறாள். வருஷங்கள் கழித்து கிளைடெம்னெஸ்ட்ரா ஒரு கெட்ட கனவு கண்டு பயந்து, கணவனின் சமாதியில் நீர்க்கடன் ஊற்றச் சொல்லி அதே மகளை அனுப்புகிறாள். எலெக்ட்ரா சமாதிக்கு முன்னால் பாத்திரத்தோடு நின்று கூட வந்த பெண்களிடம் கேட்கிறாள்: ஊற்றும்போது நான் என்ன சொல்ல? அன்பான மனைவி அன்பான கணவனுக்கு அனுப்பினாள் என்றா? வாய் வரவில்லை அவளுக்கு. அவர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள், கொன்றவர்களைக் கொல்ல ஒருவன் வரட்டும் என்று வேண்டிக்கொள். இறந்தவரைச் சாந்தப்படுத்தச் செய்கிற சடங்கு நம் கண்முன்னாலேயே பழிக்கான வேண்டுதலாக மாறிவிடுகிறது. அப்புறம் தம்பி ஒரெஸ்டிஸ் வந்து சேர்கிறான், இரண்டு பேரும் அந்தச் சமாதியில் நெடுநேரம் ஒப்பாரி வைக்கிறார்கள். அந்த ஒப்பாரி முடியும்போது அம்மாவைக் கொல்ல அவன் தயாராகிவிடுகிறான்.

இங்கே ஒரு சிக்கல் வருகிறது, அதைத் தாண்டிப் போகக் கூடாது. அழுதால் மனசு ஆறும் என்றால், இந்த இரண்டு பேரும் அழுது முடித்த பிறகல்லவா கொலைக்குப் போகிறார்கள்? உண்மைதான். ஒப்பாரி ஆளைத் தணிக்கவும் செய்யும், கொம்பு சீவியும் விடும். ஏதென்ஸ்காரர்களுக்கும் இது தெரிந்திருந்தது. கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சட்டம் இயற்றிய சோலோன், சாவுச் சடங்கில் பெண்கள் உடம்பைப் பிறாண்டிக்கொள்வதையும் புனைந்த ஒப்பாரி பாடுவதையும் தடுத்தார் என்று பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். அந்தத் தடைக்குப் பின்னால், ஒப்பாரி குலப்பகைக்குத் தூபம் போடும் என்ற பயமும் இருந்தது என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்வதுண்டு. எனக்குப் படுவது இது. துக்கத்துக்கு அழுகை மட்டும் போதாது, நடந்தது அநியாயம் என்று ஊர் ஒப்புக்கொள்ளவும் வேண்டும். கொன்றவன் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்க, சமாதியில் ஒளிந்து நின்று அழுகிற அழுகை எப்படித் தணிக்கும்?

ஈஸ்கிலஸ் மூன்றாவது நாடகத்தில் அந்த ஊரைத்தான் கொண்டுவருகிறார். அம்மாவைக் கொன்ற ஒரெஸ்டிஸைப் பழிதேவதைகள் துரத்துகின்றன. அதீனா தேவி ஏதென்ஸில் ஒரு நீதிமன்றத்தை ஏற்படுத்தி ஊர்க்காரர்களை நடுவர்களாக உட்காரவைக்கிறாள். வாக்குகள் சரிசமமாக விழ, ஒரெஸ்டிஸ் விடுதலையாகிறான். நிறையப் பேர் இத்தோடு நாடகம் முடிந்தது, பழிக்குப் பதில் சட்டம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை, அதற்குப் பிறகும் நெடுநேரம் நாடகம் ஓடுகிறது. தோற்றுப்போன பழிதேவதைகளின் ஆத்திரத்தை என்ன செய்வது என்ற கேள்வி பாக்கியிருக்கிறது. அதீனா அவர்களை விரட்டிவிடுவதில்லை. கோபம் தீரும்வரை பொறுமையாகப் பேசி, அந்த ஊரின் மண்ணுக்கடியில் அவர்களுக்கு ஒரு வீடும் வழிபாடும் கொடுத்து, ஊர்வலமாக அழைத்துப்போய்க் குடியேற்றுகிறாள். செத்தவர்களின் கோபத்துக்கும் ஊருக்குள் ஒரு மரியாதையான இடம் வேண்டும் என்று இரண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் யோசித்து நாடகமாகப் போட்டிருக்கிறார். நான் படித்த முடிவுகளிலேயே துணிச்சலானது அதுதான்.

எலெக்ட்ராவைப் பற்றிப் பேசும்போது ஒரு நடிகரையும் சொல்லியாக வேண்டும். சோஃபோக்ளீஸ் என்ற இன்னொரு கிரேக்க நாடகாசிரியரும் இதே கதையை எழுதியிருக்கிறார். அதில் தம்பி செத்துவிட்டான் என்று நம்பவைக்கப்பட்ட எலெக்ட்ரா, அவன் சாம்பல் இருப்பதாகச் சொல்லப்பட்ட ஒரு கலசத்தை மார்போடு அணைத்து அழுவாள். போலஸ் என்ற நடிகர் அந்த வேஷத்தில் மேடையேறியபோது, சமீபத்தில் இறந்துபோன தன் சொந்த மகனின் சாம்பல் கலசத்தைச் சமாதியிலிருந்து எடுத்துவந்து அதைப் பிடித்துக்கொண்டு அழுதார் என்று ரோமானிய எழுத்தாளர் அவுலஸ் கெல்லியஸ் பதிவு செய்திருக்கிறார். அரங்கம் முழுக்கக் கேட்டது நடிப்பில்லை, நிஜ அழுகை. ஊர் கூடி உட்கார்ந்திருக்கும் இடத்தில், இன்னொருத்தியின் முகமூடிக்குப் பின்னால், ஒரு தகப்பன் தன் பிள்ளைக்கு அழுதுகொண்டான்.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். ஷேக்ஸ்பியருக்குக் கொஞ்சம் முன்னால், 1580-களில், தாமஸ் கிட் என்பவர் எழுதிய ஸ்பானிய துன்பியல் லண்டனில் சக்கைப்போடு போட்ட நாடகம். அதில் ஹீரானிமோ என்றொரு நீதிபதி. ராத்திரியில் அலறல் கேட்டுத் தோட்டத்துக்கு ஓடிவந்தால், கொடிப்பந்தலில் அவன் மகன் தூக்கில் தொங்குகிறான், உடம்பெல்லாம் கத்திக்குத்து. அவன் மகனை இறக்கிக் கிடத்தி, ரத்தத்தில் தோய்ந்த ஒரு கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொள்கிறான். பழி தீர்க்கும்வரை இது என்னைவிட்டுப் போகாது, பழி தீர்க்கும்வரை இவனைப் புதைக்கவும் மாட்டேன் என்கிறான். இங்கே சடங்கைத் தடுத்தது வேறு யாரும் இல்லை, துக்கத்தில் இருப்பவனே தடுத்துவிடுகிறான்.

சட்டம் தெரிந்தவன், நீதி வழங்குவது அவன் தொழில். ஆனால் கொன்றவர்களில் ஒருவன் ராஜாவின் தம்பி மகன், இன்னொருவன் போர்ச்சுகல் இளவரசன். ராஜாவிடம் போய் நீதி, நீதி என்று கத்துகிறான், பேச விடாமல் தள்ளிவிடுகிறார்கள். ஒருநாள் வழக்குகளோடு வந்தவர்களில் ஒரு கிழவர், அவரும் கொலையுண்ட மகனுக்காக மனு கொண்டுவந்திருக்கிறார், பேசக்கூட முடியாமல் அழுகிறார். கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள் என்று ஹீரானிமோ இரக்கப்பட்டுக் கைக்குட்டையை நீட்டுகிறான். கையில் வந்தது அந்த ரத்தக் கைக்குட்டை. நாடகத்திலேயே நெஞ்சை அறுக்கிற காட்சி அதுதான். அவனிடம் வேறொருவரின் கண்ணீரைத் துடைக்கக் கூட ஒன்றும் மிச்சமில்லை. அப்புறம் அங்கே வந்தவர்களின் மனுக்களைப் பிடுங்கிப் பல்லால் கிழித்தெறிகிறான். கடைசியில் அரண்மனையில் நாடகம் போடுகிறேன் என்று சொல்லி, மேடையிலேயே நிஜக் கத்தியால் பழியை முடிக்கிறான், இத்தனை நாள் புதைக்காமல் வைத்திருந்த மகனின் உடலைத் திரை விலக்கிக் காட்டுகிறான். அதோடும் நிற்கவில்லை. கொலையில் பங்கே இல்லாத, கொலையாளியின் தகப்பனையும் பேனாக்கத்தியால் குத்திவிட்டுச் சாகிறான்.

இப்போது ஹாம்லெட். 1600-ஐ ஒட்டி எழுதப்பட்டது, அதைப் பற்றி எழுதப்பட்டவற்றைப் படித்து முடிக்க ஓர் ஆயுள் போதாது. நான் சொல்வது ஒரே ஒரு வேலை: படிக்கும்போது அந்த நாடகத்தில் நடக்கும் சாவுச் சடங்குகளை மட்டும் தனியாகக் கவனித்துக்கொண்டே வாருங்கள். ஒன்றுகூட ஒழுங்காக நடக்காது.

முதலாவது, இளவரசன் ஹாம்லெட்டின் அப்பாவான பழைய ராஜாவுடையது. அவர் செத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மனைவி கெர்ட்ரூட் அவருடைய தம்பி கிளாடியஸையே கல்யாணம் செய்துகொண்டுவிட்டாள். சாவு வீட்டுக்கு ஆக்கிய பலகாரம் ஆறிப்போய்க் கல்யாணப் பந்திக்கு வந்தது என்று ஹாம்லெட் நண்பன் ஹொரேஷியோவிடம் புலம்புகிறான். இன்னும் கறுப்பு உடையைக் கழற்றாமல் நிற்கிற ஹாம்லெட்டைப் பார்த்து, சபை நடுவே புது ராஜா புத்தி சொல்கிறான்: உன் அப்பனும் அவன் அப்பனை இழந்தவன்தான், அந்த அப்பனும் அப்படித்தான், விடாப்பிடியாகத் துக்கம் காப்பது ஆண்பிள்ளைக்கு அழகில்லை. எல்லாரும் சாகத்தானே வேண்டும் என்கிறாள் அம்மா. தனியாக விடப்பட்டதும் அவன் மனசு கொட்டித் தீர்க்கிறது, கடைசியில், நெஞ்சே உடைந்துபோ, நான் வாயை மூடித்தான் ஆகவேண்டும் என்று முடிக்கிறான். நன்றாகக் கவனியுங்கள், இதெல்லாம் பேய் வருவதற்கு முன்னால். அப்பா கொலை செய்யப்பட்டார் என்றே இன்னும் அவனுக்குத் தெரியாது. பழி என்ற பேச்சு வருவதற்கு முன்னாலேயே துக்கத்தின் வாயை அடைத்தாகிவிட்டது.

பிறகு வரும் அப்பாவின் ஆவியும், தம்பி கிளாடியஸ்தான் தன்னைக் கொன்றான் என்பதை மட்டுமா சொல்கிறது? பாவமன்னிப்பு கேட்காமல், கடைசிச் சடங்கு எதுவும் இல்லாமல், பாவமூட்டையோடு என்னை அனுப்பிவிட்டான் என்று அழுகிறது. இதை அன்றைய லண்டன்காரர்கள் கேட்டிருப்பது வேறு மாதிரி இருந்திருக்கும். இறந்தவர்களின் ஆன்மாவுக்காக ஜெபம் நடத்த விடப்பட்டிருந்த அறக்கட்டளைகளை 1547-ல் சட்டம் போட்டு ஒழித்திருந்தார்கள், புதிய சமய ஏற்பாட்டில் செத்தவர்களுக்காக உயிரோடிருப்பவர்கள் செய்ய முன்புபோல ஒன்றும் இல்லை. தாத்தா பாட்டி காலத்தில் நடந்த காரியங்கள் நின்றுபோன ஒரு சமூகத்தின் முன்னால் வந்து நின்று, என்னை மறந்துவிடாதே என்கிறது அந்த ஆவி.

இரண்டாவது, லேயர்டீஸுக்கும் ஒஃபீலியாவுக்கும் அப்பாவான பொலோனியஸ். திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்தவரை ஹாம்லெட் குத்திக் கொன்று, பிணத்தை இழுத்துக்கொண்டு போய் ஒளித்துவைக்கிறான், மாடிப்படி ஏறும்போது நாற்றம் வரும், அப்போது கண்டுபிடியுங்கள் என்கிறான். விஷயம் வெளியே தெரிந்தால் வம்பு என்று கிளாடியஸ் அவசர அவசரமாக, கமுக்கமாகப் புதைத்துவிடுகிறான். இது தப்பாகப் போயிற்று என்று பிறகு அவனே ஒப்புக்கொள்கிறான். லேயர்டீஸ் வந்து குதிக்கும்போது அப்பா எப்படிச் செத்தார் என்பதோடு இன்னொன்றையும் சேர்த்தே கேட்கிறான்: கல்லறைமேல் வாள் இல்லை, குலச்சின்னம் இல்லை, மரியாதை இல்லை, ஏன்? அதே அப்பாவுக்காக ஒஃபீலியா வேறுவிதமாக உடைகிறாள். அவளுக்குக் கத்தி கிடையாது, யாரைக் குத்துவது என்ற கேள்வியும் கிடையாது, கொன்றவன் அவள் நேசித்தவன். புத்தி பேதலித்து, சாவுப்பாட்டையும் காதல் பாட்டையும் கலந்து பாடிக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் பூவும் தழையும் கொடுக்கிறாள். யாரும் நடத்தாத இழவுச் சடங்கை அவள் ஒருத்தியே நடத்திக்கொண்டிருக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

மூன்றாவது, அவளுடையது. தற்கொலையாக இருக்குமோ என்ற சந்தேகத்தில் பாதிரியார் சடங்கைக் குறைத்துவிடுகிறார். இன்னும் என்ன சடங்கு பாக்கி, இன்னும் என்ன சடங்கு பாக்கி என்று லேயர்டீஸ் திரும்பத் திரும்பக் கேட்கிறான். ஒன்றும் இல்லை. பொறுக்க முடியாமல் குழிக்குள் குதிக்கிறான், ஒளிந்து நின்று பார்த்த ஹாம்லெட்டும் வந்துவிடுகிறான், பிரேதத்தின் பக்கத்திலேயே இரண்டு பேரும் கட்டிப் புரள்கிறார்கள். யாருக்குத் துக்கம் அதிகம் என்று சண்டை. இரண்டு பேருமே அப்பாவைக் கொலைக்குப் பறிகொடுத்தவர்கள், ஒருவனுக்குப் புரிவது இன்னொருவனுக்குத்தான் புரியும். ஹாம்லெட் பிறகு அதைச் சொல்லவும் செய்கிறான், என் வழக்கின் சாயலில் அவன் வழக்கும் எனக்குத் தெரிகிறது என்று. அதற்குள் அவனைக் கொல்ல லேயர்டீஸும் கிளாடியஸும் திட்டம் போட்டு, விஷம் தடவிய வாள் தயாராகிவிட்டது.

மக்பெத்தில் ஒரு காட்சி இருக்கிறது, கொஞ்ச நேரம்தான். மக்டஃப் என்ற பிரபுவுக்கு, மனைவியும் பிள்ளைகளும் மொத்தமாக வெட்டிக் கொல்லப்பட்டார்கள் என்று செய்தி வருகிறது. எல்லாருமா, எல்லாக் குஞ்சுகளுமா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான். பக்கத்தில் இருக்கும் இளவரசன் மால்கம் முதலில் நல்ல வார்த்தைதான் சொல்கிறான், துக்கத்தைப் பேசிவிடு, பேசாத துக்கம் நெஞ்சை உடைத்துவிடும் என்று. ஆனால் அடுத்த மூச்சில், ஆண்பிள்ளையாக எதிர்கொள் என்கிறான், கொஞ்சம் கழித்து, இந்தத் துக்கம் உன் வாளுக்குச் சாணைக்கல்லாகட்டும், கோபமாக மாற்று என்கிறான். அவனுக்குச் சண்டைக்கு ஆள் வேண்டும். ஆண்பிள்ளையாக எதிர்கொள் என்றதற்கு மக்டஃப் சொல்கிற பதில் ஷேக்ஸ்பியர் எழுதியதிலேயே எனக்குப் பிடித்த வரிகளில் ஒன்று: செய்கிறேன், ஆனால் ஆண்பிள்ளையாக இதை உணரவும் வேண்டும். கிளாடியஸ், லேயர்டீஸ், மால்கம் என்று மூன்று பேரும் அழுகையைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டுக் கத்தியை ஆண்களிடம் கொடுக்கிறார்கள். மக்டஃப் ஒருவன்தான் இரண்டு நிமிஷம் கொடு என்கிறான்.

சரி, நாயகனை அழிக்கும் குறைக்கு வருவோம், இதில்தான் ஆரம்பநிலை வாசகர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: ஹாம்லெட்டுக்குத் தயக்கம், மக்பெத்துக்குப் பேராசை, ஒத்தெல்லோவுக்குப் பொறாமை. ஆளுக்கொரு குறை. இந்த வாய்ப்பாட்டுக்குத் துணையாக அரிஸ்டாட்டிலின் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். அவர் கவிதையியல் நூலில் சொன்னது இவ்வளவு எளிதல்ல. மகா நல்லவன் அழிந்தால் நமக்கு அருவருப்பாக இருக்கும், மகா கெட்டவன் அழிந்தால் இரக்கம் வராது, இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஒருவன், கெட்ட புத்தியால் இல்லாமல் ஏதோ ஒரு பிழையால் விழ வேண்டும் என்றார். ஹமார்ஷியா என்று அவர் குறிப்பிடுவது அந்தப் பிழையைத்தான். அவர் அடிக்கடி உதாரணம் காட்டும் ஈடிபஸை எடுத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் அப்பாவைக் கொன்றவன், தெரியாமல் அம்மாவை மணந்தவன். உண்மையைத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டேன் என்ற அவன் பிடிவாதம் ஒரு காலத்தில் தீப்ஸ் நகரத்தைக் காப்பாற்றியது, அதே பிடிவாதம்தான் கிளறாதே, விட்டுவிடு என்று மனைவி கெஞ்சியும் கேட்காமல் அவனை அழிவுவரைக்கும் கொண்டுபோகிறது. இதைக் குறை என்று எப்படிச் சொல்வது?

சில சமயம் பிழை என்பது வரிசை மாறுவதுதான். ஆன்டிகனி நாடகத்தில் ராஜா கிரியோன், துரோகி என்று சொல்லி ஒருவன் பிணத்தைப் புதைக்கக் கூடாது என்கிறான், மீறிய தங்கை ஆன்டிகனியைக் குகையில் உயிரோடு அடைக்கிறான். கடைசியில் மனம் மாறுகிறான். முதலில் பெண்ணை விடுவி, அப்புறம் பிணத்துக்குச் சமாதி கட்டு என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். அவன் போய், முதலில் பிணத்தைக் குளிப்பாட்டி, எரித்து, மண்மேடு எழுப்பிவிட்டு, அப்புறம் குகைக்குப் போகிறான். அதற்குள் அவள் தூக்கில் தொங்கிவிட்டாள். அவளைக் காதலித்த அவன் மகனும், பிறகு மனைவியும் உயிரை மாய்த்துக்கொள்கிறார்கள்.

ஹாம்லெட்டின் தயக்கத்தையும் இப்படித்தான் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கிளாடியஸ் தனியாக மண்டியிட்டு ஜெபம் செய்கிறான், பின்னால் ஹாம்லெட் உருவிய வாளோடு நிற்கிறான். இப்போது வெட்டினால் கதை முடிந்தது. ஆனால் அவன் யோசிக்கிறான்: ஜெபத்தில் இருப்பவனைக் கொன்றால் அவன் நேரே சொர்க்கம் போவான், என் அப்பாவை அவன் அனுப்பியது அப்படியா? குடித்துவிட்டோ சூதாடிக்கொண்டோ இருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று வாளை உறையில் போட்டுவிட்டுப் போகிறான். பார்த்தீர்களா, அப்பாவுக்குக் கிடைக்காத கடைசிச் சடங்குதான் அவன் கையைக் கட்டுகிறது. அவன் போனபின் கிளாடியஸ் எழுந்து, வார்த்தை மேலே போகிறது, மனசு கீழேயே கிடக்கிறது என்கிறான். ஜெபமே பலிக்கவில்லை. அடுத்து அம்மாவின் அறை. திரைக்குப் பின்னால் ஒரு குரல் கேட்கிறது, யார் என்று பார்க்காமல் ஹாம்லெட் குத்திவிடுகிறான், ராஜாவா என்று குத்திய பிறகு கேட்கிறான். விழுந்தது பொலோனியஸ். அதிகம் யோசிப்பதுதான் அவன் குறை என்றால், கொஞ்ச நேரம் முன்னால் அத்தனை யோசித்தவன் இங்கே ஒரு நொடிகூட யோசிக்கவில்லையே? இரண்டு இடத்திலும் அவன் கண்ணை மறைத்தது அந்தத் துக்கம்தான் என்பது என் கட்சி. பொலோனியஸில் ஆரம்பித்து அவன்வரைக்கும் எட்டு உயிர் போகிறது.

எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், ஹாம்லெட்டையே சொல்வேன். தமிழில் பம்மல் சம்பந்த முதலியார் அதை அமலாதித்யன் என்ற பெயரில் தழுவி எழுதி, 1891-ல் சென்னையில் தொடங்கப்பட்ட சுகுண விலாச சபை மூலம் மேடையேற்றினார். நடை பழசு, ஆனால் ராஜ சபையும் இழவுத் துக்கமும் நம் வாயில் எப்படி ஒலிக்கின்றன என்று பார்க்க அது நல்ல வழி. அடுத்து ஒரெஸ்டியாவுக்குப் போங்கள், மூன்றையும் சேர்த்தே படிக்க வேண்டும், முதல் நாடகத்தோடு நிறுத்தினால் அதீனா செய்த வேலை தெரியாமலே போய்விடும்.

யூரிப்பிடீஸ் கி.மு. 431-ல் அரங்கேற்றிய மீடியாவைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கைவிட்டுப்போன கணவன் ஜேசனைப் பழிவாங்க, அவன் கட்டிய புதுப்பெண்ணை விஷம் வைத்துக் கொன்று, தான் பெற்ற இரண்டு பிள்ளைகளையும் கொல்கிறவள் அவள். ஆனால் உண்மையான பழி அதற்கும் பிறகு வருகிறது. கீழே நின்று ஜேசன் கெஞ்சுகிறான், பிள்ளைகளைக் கொடு, புதைத்து அழுதுகொள்கிறேன் என்கிறான், கடைசியாக ஒருதரம் தொட்டாவது பார்க்கிறேன் என்கிறான். சூரியன் கொடுத்த ரதத்தில் பிணங்களோடு மேலே நிற்கும் மீடியா மறுக்கிறாள், நானே புதைத்துக்கொள்வேன், நீ போய் உன் புதுப் பெண்டாட்டியைப் புதை என்கிறாள். அழ விடாமல் செய்வது ஒரு மனுஷனை என்ன செய்யும் என்று தெரிந்தவள் அதையே ஆயுதமாக எடுத்துக்கொண்ட இடம் அது. ஜேசன் அவளுக்குச் செய்த துரோகம் அத்தனையும் தெரிந்தும், ஒவ்வொரு தடவையும் அங்கே என் மனசு அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறது, யூரிப்பிடீஸ் வேண்டுமென்றேதான் அப்படிச் சாய வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.